சின்ன ஊர்ல இருந்துக்கிட்டு பாஸ்போர்ட் எடுக்கறது: ப்ளூமிங்டன் நார்மல் மக்கள் என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

நாங்க இல்லினாய்ல ப்ளூமிங்டன் நார்மல்ல இருக்கோம். சிகாகோவுக்கும் செயின்ட் லூயிஸுக்கும் நடுவுல ஐ 55 மேல இருக்கற ரெட்டை ஊரு, ரெண்டையும் சேர்த்தாலே ஒண்ணேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் மேல தான் ஜனம். ஸ்டேட் ஃபார்ம் ஹெட் ஆபீஸ் இங்க இருக்கறதால ஐடி வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்க நிறைய. நம்ம வீடுகள்ல ஒரே டிராயர்ல ரெண்டு நாட்டு பாஸ்போர்ட் கிடக்கும், அப்பா அம்மாவுக்கு இந்தியாவோடது, குழந்தைகளுக்கு அமெரிக்காவோடது, ரெண்டுமே நீல அட்டை வேற. புதுசா வர்றவங்க, புதுசா குழந்தை பொறந்தவங்க எல்லாம் என்கிட்ட போன் பண்ணி இதைப் பத்தி தான் கேப்பாங்க. அந்த கேள்விகளை எல்லாம் ஒரே இடத்துல எழுதி வெச்சிருக்கேன். இதுல ஒரு விஷயம் நாங்க பட்டு தெரிஞ்சுக்கிட்டது, அதை ரெண்டு பேரன்ட்ஸும் வரணுமாங்கற கேள்வியில சொல்லியிருக்கேன், அவசரமா படிக்கறவங்க அதை மட்டுமாவது படிச்சுட்டுப் போங்க.

அக்கா, பாஸ்போர்ட்டுக்கு சிகாகோ வரைக்கும் போகணுமா?

பெரும்பாலும் வேண்டாம். அமெரிக்கன் பாஸ்போர்ட் அப்ளிகேஷனை வாங்கறதுக்கு நாடு முழுக்க ஆயிரக்கணக்கான இடத்துக்கு அதிகாரம் குடுத்திருக்காங்க, போஸ்ட் ஆபீஸ், கவுன்ட்டி ஆபீஸ், சில ஊர்ல லைப்ரரி. அவங்க பாஸ்போர்ட் அடிக்க மாட்டாங்க, பேப்பரை சரி பார்த்து, உங்களை சத்தியம் பண்ண வெச்சு, கையெழுத்து வாங்கி, கவர்ல போட்டு அனுப்புவாங்க, அவ்வளவு தான். டிராவல் டாட் ஸ்டேட் டாட் கவ் சைட்ல ஜிப் கோடு போட்டா பக்கத்துல எங்கெங்க இருக்குன்னு காட்டும்.

இதுல நிறைய பேருக்குத் தெரியாதது என்னன்னா, நீங்க இருக்கற ஊர்லயே தான் குடுக்கணும்னு சட்டம் இல்ல. மார்ச் ஏப்ரல்ல ஸ்கூல் லீவுக்கு முன்னாடி எல்லாரும் ஒரே நேரத்துல கிளம்புவாங்க, அப்ப நம்ம ஊர்ல அப்பாயின்ட்மென்ட் தள்ளித் தள்ளி தான் கிடைக்கும். அந்த மாதிரி நேரத்துல பக்கத்து கவுன்ட்டி சின்ன ஊர்களையும் தேடிப் பாருங்க, பான்டியாக் பக்கம், லிங்கன் பக்கம். முக்கால் மணி நேரம் கார் ஓட்டினா அதே வாரத்துல வேலை முடிஞ்சிடும். புக் பண்றப்போ எத்தனை பேருக்குன்னு கேக்கும், ரெண்டு குழந்தைன்னா ரெண்டு பேருன்னு போடுங்க, ஒரு ஆளுக்கு புக் பண்ணிட்டு ரெண்டு குழந்தையையும் கூட்டிட்டுப் போனா ஒருத்தருக்கு தான் பாப்பாங்க.

எந்த ஃபார்ம்? ஒரே குழப்பமா இருக்கு.

முதல் தடவை எடுக்கறவங்க, 16 வயசுக்குக் கீழ இருக்கறவங்க, பாஸ்போர்ட்டை தொலைச்சவங்க எல்லாருக்கும் டிஎஸ் 11, நேர்ல தான் போகணும். பெரியவங்க ரினியூ பண்றதுக்கு டிஎஸ் 82, அதை தபால்ல அனுப்பிடலாம். ஆனா பழைய பாஸ்போர்ட் கையில இருக்கணும், கிழிஞ்சு நனைஞ்சு போகாம இருக்கணும், 16 வயசுக்கு மேல எடுத்ததா இருக்கணும், எடுத்து 15 வருஷத்துக்குள்ள இருக்கணும், பேரும் அதே பேரா இருக்கணும், மாறியிருந்தா மாறினதுக்கு பேப்பர் வேணும்.

குழந்தை பாஸ்போர்ட்டுக்கு ரினியூவல்னு ஒண்ணு கிடையவே கிடையாது. அஞ்சு வருஷம் தான் செல்லும், முடிஞ்சதும் மறுபடி டிஎஸ் 11, மறுபடி அப்பா அம்மா குழந்தை மூணு பேரும் நேர்ல. பெரியவங்க பாஸ்போர்ட் பத்து வருஷம் வர்ற பழக்கத்துல குழந்தையோடதும் அப்படித்தான்னு நினைச்சுக்கிட்டு டிக்கெட் போட்டுட்டு அப்புறம் டிராயரைத் திறந்து பாக்கறவங்க நிறைய பேர், தயவு செஞ்சு இன்னைக்கே ஒரு தடவை எடுத்துப் பாத்துடுங்க.

இன்னொண்ணு, டிஎஸ் 11ல வீட்டுலயே கையெழுத்து போட்டுட்டுப் போகாதீங்க, அங்க இருக்கற ஆள் முன்னாடி தான் போடணும். பிரின்ட் எடுக்கறப்போ ஒரு பக்கம் மட்டும் தான் எடுக்கணும், முன்னாடி பின்னாடி சேர்த்து எடுத்தா வாங்க மாட்டாங்க.

இப்ப ஊருக்குப் போற பிளானே இல்ல, கைக்குழந்தைக்கு எதுக்கு பாஸ்போர்ட்?

எடுத்துடுங்க. பர்த் சர்டிபிகேட் கைக்கு வந்த வாரமே எடுத்துடுங்க. அஞ்சு வருஷத்துல ஒரு வருஷம் வீணாப் போகுதேன்னு கணக்குப் போடாதீங்க, ஊர்ல இருந்து போன் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. பாஸ்போர்ட் மட்டும் இருந்தாலும் பத்தாது, இந்தியா போக குழந்தைக்கு ஓசிஐயோ (வெளிநாட்டு பாஸ்போர்ட் இருக்கற இந்திய வம்சாவளிக்கு இந்தியா குடுக்கற அட்டை) விசாவோ வேணும், அதுக்கு அப்ளை பண்ணவே பாஸ்போர்ட் நம்பர் கேக்கும். முதல் படி ஏறலைன்னா ரெண்டாவது படி கிடையாது.

எச் 1 பி வேலை விசாவுல இருக்கறவங்க இன்னொண்ணு கேப்பாங்க, 2025 ஜனவரியில வந்த பிறப்புரிமை குடியுரிமை உத்தரவால எங்க குழந்தைக்கு குடியுரிமை இல்லையான்னு. அந்த உத்தரவை அந்த வருஷமே கோர்ட்டுகள் நிறுத்தி வெச்சாங்க, விஷயம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. அதனால நீங்க அப்ளை பண்ற அன்னைக்கு நிலவரம் என்னன்னு உங்க கம்பெனி இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, வாட்ஸ்அப்ல வர்றதை நம்பி பயப்படவும் வேண்டாம், அசால்ட்டா இருக்கவும் வேண்டாம்.

ரெண்டு பேரன்ட்ஸும் கண்டிப்பா வரணுமா? அவருக்கு லீவு கிடைக்கல.

16 வயசுக்குக் கீழன்னா ரெண்டு பேரும் வரணும், குழந்தையும் வரணும். ஒருத்தர் வர முடியலைன்னா டிஎஸ் 3053ன்னு ஒரு ஒத்தப் பக்க ஃபார்ம், வராதவர் நோட்டரி முன்னாடி அதுல கையெழுத்து போட்டு, நோட்டரிக்கு காட்டின அதே ஐடியோட முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் காப்பி எடுத்து கூட வெக்கணும். கையெழுத்து போட்ட நாள்ல இருந்து 90 நாள் செல்லும். நோட்டரிக்கு எங்கயும் அலைய வேண்டாம், உங்க அக்கவுன்ட் இருக்கற பேங்க்ல கேளுங்க, நிறைய பேங்க்ல கஸ்டமருக்கு சும்மாவே பண்ணித் தருவாங்க.

இந்த ஃபார்மைப் பத்தி நான் இவ்வளவு அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. என் ரெண்டாவது குழந்தைக்கு அப்ப 14 மாசம், பாஸ்போர்ட் எடுக்கல, ஊருக்குப் போறப்ப எடுத்துக்கலாம்னு விட்டுட்டோம். ஒரு நாள் ராத்திரி கும்பகோணத்துல இருந்து போன், மாமனார் தவறிட்டாருன்னு. என் வீட்டுக்காரர் மூத்த பிள்ளை, அவர் போய்த்தான் ஆகணும், மறுநாள் மத்தியான ஃப்ளைட்டுக்கு டிக்கெட் போட்டு சிகாகோ ஓஹேர் ஏர்போர்ட்டுக்கு நானே கொண்டு போய் விட்டேன். போற வழியில எங்க பேங்க் வாசலைத் தாண்டி தான் போனோம். உள்ள போயிருந்தா பத்து நிமிஷம், கையெழுத்து போட்டுட்டு கிளம்பியிருக்கலாம். அப்படி ஒரு ஃபார்ம் இருக்குன்னே எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது.

ரெண்டு நாள் கழிச்சு குழந்தையைத் தூக்கிட்டு கவுன்ட்டர்ல போய் நின்னேன், அவங்க முதல்ல கேட்டதே குழந்தையோட அப்பா எங்கன்னு தான். ஊர்ல இருக்காருன்னு சொன்னதும் இந்த ஃபார்மை எடுத்துக் காட்டினாங்க. இந்தியாவுல இருக்கறவர் அதை சென்னையில அமெரிக்கன் கான்சுலேட்டுக்குப் போய் நோட்டரி பண்ணிக்கலாம், ஆனா அப்பாவுக்குக் கொள்ளி வெச்சவரை காரியத்துக்கு நடுவுல அப்பாயின்ட்மென்ட் வாங்கி கும்பகோணத்துல இருந்து சென்னைக்கு போயிட்டு வான்னு எப்படி சொல்றது, நான் கேக்கவே இல்ல. பதினாறாம் நாள் அன்னைக்கு அங்க காலையில ஒம்போது மணி, இங்க ராத்திரி பத்தரை. லேப்டாப்பை டைனிங் டேபிள்ல வெச்சுட்டு நானும் பிள்ளைங்களும் உக்காந்து பாத்தோம். பெரியவ கையில பால் டம்ளர், குடிக்காம அப்படியே பிடிச்சுக்கிட்டு, தாத்தா போட்டோவுக்கு அப்பா மாலை போடறதைப் பாத்துட்டு இருந்தா, நாம ஏம்மா போகலன்னு கேட்டா.

அதனால சொல்றேன், உங்க வீட்டுல குழந்தைக்கு பாஸ்போர்ட் இல்லாம ஒருத்தர் மட்டும் அவசரமா கிளம்பற நிலைமை வந்தா, பெட்டி கட்டறதுக்கு முன்னாடி இந்த ஃபார்ம்ல கையெழுத்து வாங்கிடுங்க. அவர் ஐடியோட காப்பியையும் எடுத்து வெச்சுடுங்க.

இன்னொருத்தர் இருக்கற இடமே தெரியலன்னா அதுக்கு தனியா டிஎஸ் 5525 இருக்கு, கஸ்டடி உங்க ஒருத்தருக்கு மட்டும்னு கோர்ட் ஆர்டர் இருந்தா அதைக் கொண்டு போங்க.

ஆஸ்பத்திரியில குழந்தை கால் ரேகை வெச்சு ஒரு சர்டிபிகேட் குடுத்தாங்களே, அது போதாதா?

அது ஞாபகத்துக்கு. ஃப்ரேம் போட்டு வெச்சுக்கோங்க. பாஸ்போர்ட்டுக்கு வேண்டியது அரசாங்க சீல் வெச்ச, அப்பா அம்மா பேரு இருக்கற பர்த் சர்டிபிகேட். இல்லினாய்ல அதை குழந்தை பொறந்த கவுன்ட்டியோட கிளார்க் ஆபீஸ்ல வாங்கலாம், நம்ம ஊர் ஆஸ்பத்திரியில பொறந்திருந்தா மெக்லீன் கவுன்ட்டி கிளார்க், பிரசவம் பியோரியாவுல ஆயிருந்தா பியோரியா கவுன்ட்டி. வாங்கும்போதே ரெண்டு மூணு வாங்கிடுங்க, ஒண்ணு பாஸ்போர்ட்டோட போயிடும், திரும்பி வர்றதுக்குள்ள வேற எதுக்காவது கேப்பாங்க. ஒரிஜினலோட கூட வெள்ளைப் பேப்பர்ல ஒரு காப்பியும் குடுக்கணும். குழந்தைக்கு சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இன்னும் வரலைன்னா ஃபார்ம்ல அந்த இடத்துல எல்லாம் சைபர் போடலாம், அதுக்காக காத்திருக்க வேண்டாம்.

கைக்குழந்தையை எப்படி ஃபோட்டோ எடுக்கறது? ரெண்டு தடவை ரிஜெக்ட் ஆயிடுச்சு.

கார் சீட்டை எடுத்து ஹால்ல ஜன்னல் பக்கமா வெச்சு, அது மேல சுருக்கம் இல்லாம வெள்ளை பெட்ஷீட் போட்டு, குழந்தையை அதுல உக்கார வெச்சு நேரா மேல இருந்து எடுங்க. ஜன்னல் வெளிச்சம் முகத்துல ஒரே மாதிரி விழணும், ஒரு கன்னம் நிழலா இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்க. உங்க கை தெரியக் கூடாது, வாயில சூப்பான் இருக்கக் கூடாது. கண்ணு திறந்திருக்கணும், பச்சைக் குழந்தைக்கு மட்டும் கொஞ்சம் விட்டுக் குடுப்பாங்க. கன்னத்துல வெச்சிருக்கற திருஷ்டிப் பொட்டை அந்த ரெண்டு நிமிஷத்துக்கு துடைச்சிடுங்க, எடுத்து முடிச்சதும் திரும்ப வெச்சுக்கலாம். பால் குடிச்சு முடிச்ச கையோட எடுத்தா அழாது, தூங்கறதுக்கு முன்னாடி அந்த பத்து நிமிஷம் தான் நல்ல நேரம்.

சைஸ் 2 க்கு 2 இன்ச், ஆறு மாசத்துக்குள்ள எடுத்தது. பெரியவங்க கண்ணாடியைக் கழட்டிடணும், 2016 நவம்பர்ல இருந்தே கண்ணாடி போட்ட ஃபோட்டோ எடுத்துக்கறது இல்ல. வால்கிரீன்ஸ், சிவிஎஸ் ரெண்டுலயும் எடுத்துத் தருவாங்க.

குழந்தைக்கு லாஸ்ட் நேம் என்ன போடறது? நமக்கு இனிஷியல் தானே இருக்கு.

இந்த கேள்விக்கு தான் நான் அதிகமா நேரம் செலவு பண்றது, ஏன்னா இது பாஸ்போர்ட் ஆபீஸ்ல முடிவாகறது இல்ல, பிரசவமான மறுநாள் ஆஸ்பத்திரி ரூம்ல முடிவாகிடுது. பர்த் சர்டிபிகேட்டுக்கு ஒரு ஃபார்ம் கொண்டு வந்து குடுப்பாங்க, அம்மா வலியில இருப்பா, அப்பா தூங்காம இருப்பார், அந்த நேரத்துல எழுதினது தான் பாஸ்போர்ட் வரைக்கும் வரும். பின்னாடி மாத்தணும்னா திருத்தத்துக்கு அலையணும், சில சமயம் கோர்ட்டு வரைக்கும் போகணும்.

நம்ம முறையில அப்பா பேரு தான் பிள்ளைக்கு இனிஷியல். அப்பா பாஸ்போர்ட்ல சர்நேம்னு இருக்கறது தாத்தா பேரு. அப்ப குழந்தைக்கு லாஸ்ட் நேமா அப்பாவோட சொந்தப் பேரைப் போடறதா, தாத்தா பேரைப் போடறதா? ரெண்டுமே சட்டப்படி சரி தான். அப்பா பேரைப் போட்டா நம்ம வழக்கம் நிக்குது, தாத்தா பேரைப் போட்டா அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே லாஸ்ட் நேம் வரும், ஸ்கூல் இன்ஷூரன்ஸ் எல்லாத்துலயும் கேள்வி கம்மி. எங்க வீட்டுல அப்பா பேரைத் தான் போட்டோம், அதுல எனக்கு இன்னைக்கு வரைக்கும் வருத்தம் இல்ல. எதுவா இருந்தாலும் பிரசவத்துக்கு முன்னாடியே உக்காந்து பேசி ஒரு பேப்பர்ல ஸ்பெல்லிங்கோட எழுதி ஆஸ்பத்திரி பையில வெச்சுடுங்க. மூத்ததுக்கு ஒண்ணு இளையதுக்கு ஒண்ணுன்னு மாத்திடாதீங்க. ஒத்தை எழுத்தை மட்டும் லாஸ்ட் நேமா போடாதீங்க, சில ஏர்லைன்ஸ் சைட்ல ஒரு எழுத்தை எடுத்துக்கவே எடுத்துக்காது.

அம்மா லாஸ்ட் நேம் அவங்க அப்பா பேரா இருக்கும், குழந்தையோடது வேறயா இருக்கும். பாஸ்போர்ட் குடுக்கறதுக்கு அது தடை இல்ல, பர்த் சர்டிபிகேட்ல உங்க பேரும் உங்க லைசென்ஸ்ல இருக்கற பேரும் ஒத்துப் போனா போதும். ஆனா அமெரிக்கன் பாஸ்போர்ட்ல அப்பா அம்மா பேரு அச்சடிக்க மாட்டாங்க, அதனால அம்மா மட்டும் குழந்தையோட ஃப்ளைட் ஏறினா பர்த் சர்டிபிகேட் காப்பி ஒண்ணு கைப்பையில இருக்கட்டும்.

எஃப்என்யூ, அதாவது ஃபர்ஸ்ட் நேம் அன்னோன், அந்த பிரச்சனை இருக்கறவங்களுக்கு தனியா ஒண்ணு. இந்தியன் பாஸ்போர்ட்ல சர்நேம் இடம் காலியா இருந்து முழுப் பேரும் கிவன் நேம்ல இருந்தா, அமெரிக்க விசாவுல முழுப் பேரும் சர்நேமா போயி கிவன் நேம் இடத்துல எஃப்என்யூன்னு வந்திடும். அது லைசென்ஸ்ல தொத்திக்கும், அங்க இருந்து குழந்தையோட பர்த் சர்டிபிகேட்ல அப்பா பேரு வரைக்கும் போகும். குழந்தை பொறக்கறதுக்கு முன்னாடியே இந்தியன் பாஸ்போர்ட்டை ரினியூ பண்றப்போ பேரைப் பிரிச்சு போட்டுக்கறது தான் நல்லது.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

குழந்தைக்கு 100 டாலர், பெரியவங்களுக்கு 130. டிஎஸ் 11னா அதுக்கு மேல அந்த கவுன்ட்டர்க்கு 35 தனி. தபால் ரினியூவலுக்கு அந்த 35 கிடையாது. சீக்கிரம் வேணும்னா, அதாவது எக்ஸ்பிடைட்டட்னா, 60 சேரும், பாஸ்போர்ட்டை ஒண்ணு ரெண்டு நாள்ல கையில சேர்க்கறதுக்கு இன்னொரு 22 சில்லறை. கவுன்ட்டர்ல குடுக்கறப்போ ரெண்டு தனித்தனி பேமென்ட், 35 அந்த ஆபீஸுக்கு, மீதி யு.எஸ். டிபார்ட்மென்ட் ஆஃப் ஸ்டேட் பேருக்கு செக்கோ மணி ஆர்டரோ. இங்க தான் நம்ம ஆளுங்க மாட்டிக்கறாங்க, செக் புக்கே வெச்சிருக்க மாட்டாங்க, கார்டை மட்டும் எடுத்துட்டுப் போவாங்க. போஸ்ட் ஆபீஸ்னா அங்கயே மணி ஆர்டர் வாங்கிடலாம். செக்ல குழந்தை பேரும் பொறந்த தேதியும் எழுதிடுங்க. ரெண்டு குழந்தைக்கு ரெண்டு செக்.

ஃபார்ம் நிரப்பித் தரோம்னு காசு கேக்கற சைட்டுங்க தேடினதும் மேல வந்து நிக்கும், அதுக்குள்ள போகாதீங்க, கவர்மென்ட் சைட்ல ஃபார்ம் இலவசம்.

பாஸ்போர்ட் கார்டு வேணுமா? விலை கம்மியா இருக்கே.

நமக்கு வேண்டாம். அதை வெச்சு கனடா, மெக்ஸிகோ ரோட்டு வழியா போகலாம், வெளிநாட்டு ஃப்ளைட் ஏற முடியாது.

எத்தனை நாள்ல வரும்?

2023 கோடையில 10 வாரம் 13 வாரம்னு போச்சு, அந்த டிசம்பர்ல சாதாரணமா 6 ல இருந்து 8 வாரம், எக்ஸ்பிடைட்டட்னா 2 ல இருந்து 3 வாரம்னு குறைச்சாங்க, அப்புறம் சாதாரணம் 4 ல இருந்து 6 வாரம் ஆச்சு. ஆனா இந்த கணக்குல தபால் போற வர நாள் சேராது, போக ரெண்டு வாரம் வர ரெண்டு வாரம்னு கூட ஆகலாம். நான் எல்லாருக்கும் சொல்றது, டிக்கெட் தேதியில இருந்து மூணு மாசம் பின்னாடி எண்ணுங்க, ஓசிஐயும் எடுக்கணும்னா ஆறு மாசம். ஆன்லைன்ல ஸ்டேட்டஸ் முதல் ரெண்டு வாரம் ஒண்ணுமே காட்டாம இருக்கும், தொலைஞ்சு போச்சோன்னு பதற வேண்டாம்.

பெரியவங்க ஆன்லைன்லயே ரினியூ பண்ணலாமாமே?

ஆமா, 2024 செப்டம்பர்ல இருந்து எல்லாருக்கும் திறந்துட்டாங்க. 25 வயசு ஆயிருக்கணும், பத்து வருஷ பாஸ்போர்ட்டா இருக்கணும், முடியறதுக்கு ஒரு வருஷத்துக்குள்ள இருக்கணும் இல்லைன்னா முடிஞ்சு அஞ்சு வருஷத்துக்குள்ள இருக்கணும், பேரு கீரு எதுவும் மாறக் கூடாது. கார்ட்ல பணம் கட்டலாம், ஃபோட்டோவை அப்லோட் பண்ணலாம். ஒரே ஒரு ஜாக்கிரதை, சப்மிட் பண்ணின உடனே பழைய பாஸ்போர்ட் செல்லாமப் போயிடும், புக்கு உங்க கையிலயே இருந்தாலும் அதை வெச்சு எங்கயும் போக முடியாது. ஆன்லைன்ல எக்ஸ்பிடைட்டட் கிடையாது. அதனால ஊர்ல வயசான அப்பா அம்மா உடம்பு சரியில்லாம இருந்தா அந்த நேரத்துல ஆன்லைன் பண்ணாதீங்க, எக்ஸ்பிடைட்டட் போட்டு தபால்ல அனுப்புங்க. தபால்ல அனுப்பினா யுஎஸ்பிஎஸ்ல டிராக்கிங்கோட அனுப்புங்க, போக வேண்டிய அட்ரஸ் பிஓ பாக்ஸ், மத்த கூரியர்காரங்க அங்க டெலிவரி பண்ண முடியாது.

சிட்டிசன்ஷிப் வாங்கியாச்சு. அடுத்த வாரம் ஊருக்குப் போகலாமா?

முடியாது. சத்தியப்பிரமாணம் எடுக்கற அன்னைக்கே கிரீன் கார்டை வாங்கிக்குவாங்க. அந்த நிமிஷத்துல இருந்து இந்திய குடியுரிமையும் போயிடுது, 1955 குடியுரிமைச் சட்டத்துல அது இருக்கு, அதனால இந்தியன் பாஸ்போர்ட்ல பயணம் பண்ணக் கூடாது, அது குத்தம். புது பாஸ்போர்ட் வர்ற வரைக்கும் வெளிநாடு போக கையில ஒண்ணுமே இருக்காது. சிட்டிசன் ஆனதுக்குக் குடுக்கற நேச்சுரலைசேஷன் சர்டிபிகேட் ஒரிஜினலை டிஎஸ் 11 கூட அனுப்பணும், அனுப்பறதுக்கு முன்னாடி நல்லா ஸ்கேன் பண்ணி வெச்சுக்கோங்க.

இதுல ஒரு நல்ல விஷயம், 18 வயசுக்குள்ள கிரீன் கார்டோட உங்க கூடவே இருக்கற பிள்ளைங்க நீங்க சிட்டிசன் ஆன அன்னைக்கே தானா சிட்டிசன் ஆயிடறாங்க. 2001ல இருந்து அமல்ல இருக்கற சட்டம். அவங்களுக்கு நேரா பாஸ்போர்ட்டே அப்ளை பண்ணலாம், உங்க நேச்சுரலைசேஷன் சர்டிபிகேட், பிள்ளையோட கிரீன் கார்டு, ஊர் பர்த் சர்டிபிகேட், உங்க கல்யாண சர்டிபிகேட் எல்லாம் கொண்டு போகணும். ஊர் சர்டிபிகேட்டை முன்கூட்டியே எடுத்துப் பாருங்க, நம்ம பக்கம் பேரு வெக்கறதுக்கு முன்னாடியே பதிவு பண்ணிடறதால பிள்ளை பேரு இருக்க வேண்டிய இடம் காலியா இருக்கும். அப்படி இருந்தா ஊர்ல பதிவு பண்ணின ஆபீஸ்ல பேரைச் சேர்த்து புதுசா வாங்கிடுங்க, அதுக்கு ஊர்ல யாராவது அலையணும், ஒரு மாசமாவது ஒதுக்குங்க. தமிழ்ல மட்டும் இருந்தா இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வேணும்.

நாளைக்கே கிளம்பணும், அப்பாவுக்கு சீரியஸ். என்ன பண்றது?

இதுக்கு தான் சிகாகோ. 1-877-487-2778க்கு போன் பண்ணுங்க. 14 நாளுக்குள்ள பயணம்னா பாஸ்போர்ட் ஏஜென்சியில அப்பாயின்ட்மென்ட் கேக்கலாம், வெளிநாட்டு விசா வேற எடுக்கணும்னா 28 நாள். பெத்தவங்க, கூடப்பிறந்தவங்க மாதிரி நெருங்கின உறவுல சாவு, இல்லைன்னா உயிருக்கு ஆபத்துன்னா லைஃப் ஆர் டெத் எமர்ஜென்சின்னு சொல்லுங்க, அதுக்கு தனி வழி இருக்கு. டாக்டர் கையெழுத்து போட்ட ஆஸ்பத்திரி லெட்டரோ டெத் சர்டிபிகேட்டோ இங்கிலீஷ்ல வேணும், ஊர்ல இருக்கற தம்பி தங்கச்சியை விட்டு வாட்ஸ்அப்ல வாங்கி பிரின்ட் எடுத்துக்கோங்க. டிக்கெட் காப்பி, ஃபோட்டோ, நிரப்பின ஃபார்ம், குழந்தைன்னா இன்னொரு பேரன்ட் இல்லைன்னா அந்த டிஎஸ் 3053, எல்லாம் இருந்தா தான் ஐ 55ல வண்டியை எடுங்க.

அப்பாயின்ட்மென்ட் கிடைக்கலைன்னா உங்க ஏரியா காங்கிரஸ் மெம்பரோட ஆபீஸுக்கு போன் பண்ணுங்க, பாஸ்போர்ட் விஷயத்துல உதவி பண்றதுக்குன்னே அங்க ஆள் இருப்பாங்க. நமக்கு ஓட்டு இல்லையேன்னு தயங்க வேண்டாம், அந்த ஏரியாவுல குடியிருந்தா போதும்.

குழந்தைக்கு ஓசிஐ இல்லைன்னா சிகாகோவுல பாஸ்போர்ட் கிடைச்ச கையோட இந்தியன் கான்சுலேட்டும் சிகாகோவுல தான் இருக்கு, எமர்ஜென்சி விசாவுக்கு அங்க கேக்கலாம். ரெண்டையும் ஒரே பயணத்துல முடிக்கற மாதிரி பேப்பரை அடுக்கிட்டுப் போங்க.

எங்க இந்தியன் பாஸ்போர்ட் முடியப் போகுது, எப்ப ரினியூ பண்ணலாம்?

முடியறதுக்கு ஒரு வருஷம் இருக்கறப்பவே பண்ணலாம், அப்பவே பண்ணிடுங்க. எச் 1 பி காரங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா ஊருக்குப் போயிட்டு திரும்பி வர்றப்போ ஏர்போர்ட்ல ஐ 94 (எந்த தேதி வரைக்கும் இங்க இருக்கலாம்னு காட்டற பதிவு) தேதியை விசா பேப்பர் தேதிக்குப் பதிலா பாஸ்போர்ட் முடியற தேதியோட நிறுத்திடறது உண்டு. எத்தனையோ பேர் அதைப் பாக்காம பாஸ்போர்ட்டை மட்டும் ரினியூ பண்ணிட்டு ஸ்டேட்டஸ் இருக்குன்னு நினைச்சுட்டு இருந்திருக்காங்க. இறங்கின அன்னைக்கே ஆன்லைன்ல ஐ 94 எடுத்து தேதியைப் பாருங்க. ரினியூவல், இந்தியன் கான்சுலேட்டுக்காக அப்ளிகேஷன் வாங்கற விஎஃப்எஸ் கம்பெனி வழியா தபால்லயே நடக்கும், நேர்ல போகணும்னு இல்ல.

பாஸ்போர்ட் மாறினா ஓசிஐயும் மாத்தணுமா?

2021ல விதியை மாத்திட்டாங்க. 20 வயசுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவை புது பாஸ்போர்ட் வர்றப்பவும் அதோட காப்பியையும் புது ஃபோட்டோவையும் ஆன்லைன்ல ஏத்தினா போதும், மூணு மாசத்துக்குள்ள. 20 வயசு முடிஞ்சு முதல் பாஸ்போர்ட் எடுக்கறப்போ ஒரு தடவை ஓசிஐ புதுசா எடுக்கணும். 50 வயசுக்கு அப்புறம் ஒரு தடவை அப்லோட்.

பாஸ்போர்ட் வந்துடுச்சு, பர்த் சர்டிபிகேட் வரல. தொலைச்சுட்டாங்களா?

இல்ல, அது தனி கவர்ல பின்னாடி வரும், சில வாரம் ஆகும். அதுவரைக்கும் பாஸ்போர்ட்டைத் திறந்து பேரு, பொறந்த தேதி, பொறந்த இடம் மூணையும் எழுத்து எழுத்தா பாருங்க. பொறந்த இடம்னு ஊர் பேரு வராது, ஸ்டேட் பேரு தான் வரும், அது இல்லினாயா இண்டியானாவான்னு கூட பாருங்க, ரெண்டுலயும் ப்ளூமிங்டன் இருக்கு. அவங்க அச்சுப்பிழைன்னா டிஎஸ் 5504 போட்டு காசில்லாம மாத்திக்கலாம். எல்லாம் சரியா இருந்தா, குழந்தை பாஸ்போர்ட்ல கையெழுத்து இடத்துல குழந்தை பேரை நீங்க எழுதி, பக்கத்துல உங்க கையெழுத்தும் அம்மாவா அப்பாவாங்கறதும் போட்டு, உள் பக்கத்தை ஒரு ஃபோட்டோ எடுத்து ரெண்டு பேர் போன்லயும் வெச்சுக்கோங்க.